குடியை நிறுத்தியவர் எந்தக் கூட்டத்துக்குப் போகலாம்?

மருத்துவமனையில் சில வாரம் இருந்து, கை நடுக்கம் நின்று, முகம் தெளிந்து வீட்டுக்கு வருகிறவருக்கு முதல் சோதனை மாலையில்தான் வருகிறது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலை முடிந்து களைப்போடு திரும்பும் அந்த ஆறு, ஏழு மணிதான் பல வருடங்களாக அவர் குடிக்கப் போன நேரம். மாத்திரை உடம்பைப் பார்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எங்கே போவது, யாரோடு உட்காருவது என்பதற்கு மாத்திரையிடம் பதில் இல்லை. அதற்காகத்தான் ஆதரவுக் குழுக் கூட்டங்கள் இருக்கின்றன.

என் அண்ணனுக்காக இந்தத் தேடலில் இறங்கியபோது, "ஏ.ஏ. மீட்டிங் போகச் சொல்லுங்க" என்று பலரும் சொன்னார்கள். ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நடத்தும் கூட்டம். எந்த மீட்டிங், எந்தக் கிழமை, என்ன மொழி, அது பிடிக்காவிட்டால் வேறு என்ன என்று உட்கார்ந்து விளக்க ஆள் கிடைக்கவில்லை. அதனால், இங்கே கிடைக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு கூட்டத்தின் கொள்கை என்ன என்பதைவிட, அடுத்த வாரமும் அவரால் அங்கே போக முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தூரம், நேரம், மொழி, கூட இருக்கும் ஆட்கள் எல்லாம் சின்ன விஷயம்போலத் தெரியும். ஆள் தொடர்வதும் நின்றுபோவதும் பெரும்பாலும் அவற்றால்தான்.

கூட்டத்துக்கு முன்னால் டாக்டர்

இன்னும் தினமும் குடித்துக்கொண்டிருப்பவருக்காக நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். பல வருடம் தினசரி குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை சிலருக்குப் புத்தி குழம்பும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடப் பார்ப்பார்கள். அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் அவருக்கு வேண்டியது படுக்கை, மருந்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, பக்கத்தில் ஒரு நர்ஸ். எந்தக் கூட்டமும் அதற்கு ஈடாகாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் டாக்டரைப் பார்க்கலாம். தனியார் மறுவாழ்வு மையம் என்றால், பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி யாரையும் சங்கிலியால் கட்டுவதோ தனியறையில் அடைத்துவைப்பதோ குற்றம். உள்ளே போய்ப் பார்க்க விடாத இடத்தில் உங்கள் ஆளை விட்டுவிட்டு வராதீர்கள்.

இன்னொன்று. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி, மாத்திரை எல்லாம் வேண்டவே வேண்டாம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்தை உள்ளே வைத்துக்கொண்டு ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, செத்தும் போகலாம். டாக்டர் சொல்லி, சாப்பிடுபவருக்கும் தெரிந்து, அவர் சம்மதத்தோடு கொடுக்க வேண்டிய மருந்து அது.

ஏ.ஏ.: பெரும்பாலானோர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில், குடியோடு போராடிக்கொண்டிருந்த ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஓர் அறுவை சிகிச்சை டாக்டரும் சந்தித்ததில் பிறந்தது. இந்தியாவுக்கு 1957இல் வந்தது. சந்தா கிடையாது, பதிவேடு கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே சேருவதற்கான தகுதி. வாடகைக்கும் டீக்கும் கடைசியில் ஒரு பை சுற்றிவரும். புதிதாக வந்தவர் அதில் போட வேண்டிய அவசியம் இல்லை. வெளியாரிடமிருந்து நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு.

உள்ளே என்ன நடக்கும் என்ற பயம்தான் முதல் தடை. ஒரு பள்ளி வகுப்பறை அல்லது சர்ச்சை ஒட்டிய சிறு கூடம், சில நாற்காலி, ஒரு மேஜை. ஒருவர் நடத்துவார். மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியும், முடிந்ததை மாற்றும் துணிவும், இரண்டையும் பிரித்துப் பார்க்கும் அறிவும் கேட்கிற சின்னப் பிரார்த்தனை ஒன்று உண்டு. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகளை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, "என் பேர் இது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைப் பேசுவார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. வீட்டில் வருடக்கணக்காகப் புத்திமதி மட்டுமே கேட்ட மனுஷனுக்கு இந்த ஒரு விதியே பெரிய ஆறுதல். பேச விருப்பமில்லை என்றால், "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" என்று சொன்னால் போதும். ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இரண்டு வகைக் கூட்டம் உண்டு. திறந்த கூட்டத்துக்கு மனைவி, தம்பி, நண்பர் யாரும் கூடப் போகலாம். மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். முதல் தடவை தனியாகப் போகத் தயங்குகிறவருக்குத் திறந்த கூட்டத்தைத்தான் நான் சொல்வேன். கூடப் போகிறவர் பின்வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடவுள் விஷயத்துக்கு வருவோம். 12 படிகளில் பாதியில் கடவுளோ நம்மைவிட மேலான ஒரு சக்தியோ வருகிறது. பெரியார் படம் மாட்டிய வீட்டில் வளர்ந்தவருக்கு இது முதல் நாளே முள்ளாகக் குத்தும். சர்ச் வளாகத்தில் நடக்கிறது என்பதால், மதம் மாற்றுவார்களோ என்று சந்தேகப்பட்டு வாசலோடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். மாலையில் குறைந்த வாடகைக்கு இடம் கிடைக்கிறது என்பதற்காக அங்கே கூடுகிறார்கள். ஏ.ஏ. எந்த மதத்தோடும் சேர்ந்ததில்லை. அந்த 'மேலான சக்தி' அந்தக் குழுவே என்று எடுத்துக்கொண்டு பல வருடம் குடிக்காமல் இருக்கும் நாத்திகர்களும் உண்டு. இருந்தாலும், பிரார்த்தனையோடு தொடங்கும் கூட்டத்தில் உட்காரவே முடியாது என்று ஒருவர் சொன்னால் அவரை வற்புறுத்த வேண்டாம். அவருக்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை வைத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பது என்ற அளவுகோலில், ஏ.ஏ.வும் அதில் சேர வைக்கும் முறையான சிகிச்சைகளும் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறையவில்லை, பல இடங்களில் மேலாகவே இருந்தன. பெரும்பாலும் மேல்நாட்டு ஆய்வுகள்தான். ஆனாலும், இலவசமாக, டாக்டர் இல்லாமல் நடக்கும் ஒன்றுக்கு இது கனமான சான்று.

குறையும் சொல்ல வேண்டும். ஏ.ஏ. எங்கும் ஒரே தரத்தில் இருக்காது. ஒவ்வொரு குழுவும் அதில் இருக்கும் ஆட்களைப் பொறுத்தது. ஓர் இடத்தில் பழைய உறுப்பினர் ஒருவரே அரை மணி நேரம் பேசுவார். இன்னோர் இடத்தில் குடித்த காலத்துச் சாகசக் கதை நீண்டுகொண்டே போகும். புதிதாக நிறுத்தியவருக்கு நாக்கு ஊறும் அளவுக்கு. சிலர், "மாத்திரை எல்லாம் எதுக்கு, அதுவும் போதைதான்" என்று சொல்லிவிடுவார்கள். அதை மட்டும் கேட்கவே வேண்டாம். உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏ.ஏ. அமைப்பே வெளியிட்ட நிலைப்பாடு. எனவே ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் ஏ.ஏ.வே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டாமல், வேறு இரண்டு மூன்று குழுக்களில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஸ்பான்சர் என்று ஒருவர் கிடைப்பதுதான் ஏ.ஏ.வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சில வருடமாகக் குடிக்காமல் இருப்பவர் ஒருவர் புதியவருக்குத் துணையாக நிற்பார். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தால் எடுப்பார், "எங்க இருக்க? அங்கேயே இரு, வரேன்" என்பார். காசு கொடுத்து வாங்க முடியாத உதவி இது. வேறு எந்த வழியிலும் இவ்வளவு தாராளமாகக் கிடைத்து நான் பார்க்கவில்லை.

பக்கத்துத் தெருவா, பக்கத்து ஊரா

ஏ.ஏ. என்று முடிவான பிறகும் தேர்வு மீதி இருக்கிறது. சென்னை போன்ற ஊரில் வாரம் முழுக்க ஏதாவது ஒரு பக்கத்தில் கூட்டம் நடக்கும். சிறுநகரங்களில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். கிராமத்தில் இருப்பவர் பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டுவிட்டுத்தான் கூட்டத்தையே முடிவு செய்ய முடியும்.

பக்கத்தில் இருக்கும் கூட்டத்துக்குப் பெரிய பலம், சாக்குச் சொல்ல முடியாது. மழை, களைப்பு, வண்டியில் பெட்ரோல் இல்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஆனால் தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்ற கூச்சம் இருக்கும். பள்ளி வாத்தியார், கடைக்காரர், கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவர் போன்றவர்களுக்கு அது லேசான கூச்சம் இல்லை. கூட்டத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது ஏ.ஏ.வின் அடிப்படை விதி. ஊர்ப்பெயர், குடும்பப்பெயர் கேட்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் காப்பாற்றுவார்கள். வாசலில் நிற்கிறவர்களின் கண்ணுக்கு அந்த விதி பொருந்தாதே. கிராமப்புறத்தில், எந்தத் தெருவில் கூட்டம் நடக்கிறது என்பதைப் பார்த்தே வராமல் இருப்பவர்களும் உண்டு. சாதி அந்த நாற்காலிகளில் உட்காரக் கூடாது என்பது குழுவின் எண்ணமாக இருந்தாலும், அறை வாசல் வரைக்கும் அது கூடவே வருகிறது.

அதனால் தொடக்கத்தில் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போவதில் தப்பே இல்லை. அரை மணி, முக்கால் மணி பயணம் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் ஆர்வம் இருக்கும்வரை போவார், ஆர்வம் குறைந்த வாரம் நின்றுவிடுவார். சில மாதத்தில் கூச்சம் தெளிந்ததும், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குழுவுக்கு மாறிக்கொள்ளலாம்.

கிழமையும் முக்கியம். கட்டட வேலை, பெயின்ட் வேலை, லோடு வேலை பார்ப்பவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கூலி கைக்கு வரும். அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைவிடச் சனிக்கிழமைக் கூட்டம் பத்து மடங்கு பயன் தரும். அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு வெள்ளி இரவு, வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்றவருக்குப் பகல். எந்த நேரத்தில் அவருக்குத் தாகம் வருமோ அந்த நேரத்துக் கூட்டத்தைத் தேடுங்கள்.

மொழியில் நான் கறாராக இருப்பேன். நகரத்தில் ஆங்கிலக் கூட்டங்களும் இருக்கின்றன. ஆங்கிலம் பழகியவர்கள் பலர், தங்களைப் போன்றவர்கள் அங்கேதான் இருப்பார்கள் என்று அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுவாரோ அந்த மொழிக் கூட்டத்துக்குப் போகட்டும். ஆங்கிலத்தில் அழகாகப் பேசிவிட்டு, ஒன்றையும் சொல்லாமல் வந்துவிட முடியும்.

மருத்துவமனையோடு சேர்ந்த குழுக்கள்

சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. குடிமீட்பு மருத்துவமனையை 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கினார். குடிநோயால் கணவரை இழந்தவர் அவர். குடியை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்த்துவந்த காலத்தில், அதற்குச் சிகிச்சையும் குடும்பத்துக்குத் தனிப் பயிற்சியும் கொடுக்கலாம் என்று நடத்திக் காட்டினார். இப்படிப்பட்ட இடங்களிலும் சில அரசு மருத்துவமனைகளிலும் சிகிச்சை முடிந்து போனவர்களுக்குத் தொடர் குழுச் சந்திப்பு உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் போய்வருகிற தமிழ்க் குடும்பங்களும் நிறைய.

ஏ.ஏ.வோடு ஒப்பிட்டால் இதில் பயிற்சி பெற்ற ஆலோசகர் இருப்பார் என்பது பெரிய வித்தியாசம். மன அழுத்தம், தற்கொலை எண்ணம், கல்லீரல் பிரச்சினை என்று குடியோடு வேறு ஏதாவது சேர்ந்திருந்தால் இந்தக் குழுதான் பாதுகாப்பு. வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவரே இங்கேயும் வருவார். முதல் நாளே தெரிந்த முகம். மனைவியையும் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

ஆனால் இவை அடிக்கடி நடப்பதில்லை, பல இடங்களில் பகல் நேரத்தில் நடக்கும். கூலி வேலைக்காரருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். வெளியூர்க்காரருக்குப் பயணச் செலவு. எனவே முதல் வருடம் முழுக்க மருத்துவமனைக் குழுவுக்கு அவர்கள் சொல்லும் இடைவெளியில் போக வேண்டும், நடுவில் உள்ள வாரங்களை உள்ளூர் ஏ.ஏ.வால் நிரப்ப வேண்டும் என்பேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை.

கடவுள் வேண்டாம் என்பவர்களுக்கு

ஸ்மார்ட் ரெகவரி என்ற ஆதரவுக் குழு அமைப்பு 1994இல் அமெரிக்காவில் தொடங்கியது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற உளவியல் முறையின் கருவிகளை வைத்து நடக்கிறது. நிறுத்தும் மனதிடத்தை வளர்ப்பது, ஆசை வரும்போது சமாளிப்பது, எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் கையாள்வது, சமநிலையான வாழ்க்கை அமைப்பது என்று நான்கு அம்சங்கள். பிரார்த்தனை இல்லை, "நான் குடிநோயாளி" என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, ஸ்பான்சரும் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார். ஒருவர் பேசினால் மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், யோசனை சொல்லலாம். எழுதிப் பார்க்கும் பயிற்சிகள் உண்டு. கணக்குப் போட்டு யோசிக்கும் ஆட்களுக்கு இது நன்றாக ஒத்துவருகிறது.

குறை, கூட்டங்கள் பெரும்பாலும் இணையவழி, பெரும்பாலும் ஆங்கிலம். ஆங்கிலம் சரளமில்லாத ஒருவரை இங்கே அனுப்புவது வீண். ராத்திரியில் ஓடிவர ஸ்பான்சரும் இல்லை என்பதால், இதைத் தேர்ந்தெடுப்பவர் கூப்பிட்டால் வரக்கூடிய ஒரு நண்பரையாவது முன்பே சொல்லிவைத்துக்கொள்ள வேண்டும்.

போனில் கூட்டம்

கொரோனா காலத்தில் கூட்டங்கள் ஜூமுக்குப் போயின. பல அப்படியே நிலைத்துவிட்டன. தமிழில் நடக்கும் இணையவழி ஏ.ஏ. கூட்டங்களும் இருக்கின்றன. துபாயிலோ தோஹாவிலோ லேபர் கேம்ப்பில் இருப்பவர், கப்பல் வேலையில் இருப்பவர், கைக்குழந்தையை விட்டு நகர முடியாத பெண், கால் முடியாதவர் போன்றவர்களுக்கு இதுதான் கதவு.

சேருவதற்கு முன் சில சின்னக் காரியங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூமில் உங்கள் முழுப்பெயர் தானாகத் தெரியும். முதல் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் எல்லோருக்கும் உங்கள் எண்ணும் படமும் தெரியும். வேண்டாம் என்றால் லிங்க்கை மட்டும் அனுப்பச் சொல்லலாம். கேமராவை அணைத்துக்கொண்டு கேட்கலாமா என்று முன்பே கேளுங்கள். ஹெட்போன் மாட்டாமல் உட்கார்ந்தால், மற்றவர் கதை உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒலிக்கும். அது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

நேர்க் கூட்டத்துக்கு இது சமமா? ஊரில் நேர்க் கூட்டம் இருக்கிறவருக்கு நான் இல்லை என்றுதான் சொல்வேன். குடித்துவிட்டு ஜூமில் உட்காருபவரின் வாடை யாருக்கும் தெரியாது. பட்டனை அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். நேரில் போனால் கூட்டம் முடிந்து வாசலில் டீ குடிக்கும் பத்து நிமிஷம் இருக்கிறதே, அதில்தான் நட்பே உருவாகிறது. நேரில் வாரம் ஒன்று, மற்ற நாளில் போனில் என்று கலந்துகொள்வது நல்லது.

மாலையும் கயிறும்

நம் ஊரில் குடியை நிறுத்த மிகப் பழைய வழி சாமிதான். ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள், கோவிலில் சத்தியம் பண்ணிக் கயிறு கட்டிக்கொள்வார்கள், சர்ச்சில் ஜெபக் கூட்டத்துக்குப் போவார்கள். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. மாலை போட்ட நாளில் தொடாமல் இருப்பவர், தன்னால் முடியும் என்பதை ஊருக்கும் தனக்கும் காட்டிவிடுகிறார். அதே விரதத்தில் கூட்டமாகச் சேர்ந்து பஜனை பாடுவதும் ஒரு துணைதான். சிக்கல், மாலையைக் கழற்றிய மறுநாள். அன்றைக்கு அவரைக் கேள்வி கேட்க ஆளில்லை, சாமியாகப் பார்த்தவர்களே "விரதம் முடிஞ்சுதுல்ல" என்று கூப்பிடுகிறார்கள். எனவே விரதத்தில் இருக்கும்போதே, மனசு தெளிவாக இருக்கும்போதே, ஒரு குழுவில் உட்கார வைத்துவிடுங்கள். கழற்றும் நாளுக்கு முன்பே அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். தினமும் நிறையக் குடித்தவர் மாலை போடுவதாக இருந்தால், அதற்கு முன்னாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். நடுக்கமும் வலிப்பும் விரதம் என்று விலகி நிற்காது.

பெண்கள்

2019இல் வெளியான மத்திய அரசின் தேசிய ஆய்வு, நாட்டில் குடிக்கும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம் என்று சொல்கிறது. சதவீதம் சின்னது, இத்தனை பெரிய நாட்டில் அது எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான கூட்டங்கள் ஆண்களால் நிறைந்தவை. அங்கே தனியாக ஒரு பெண் நுழைவதற்கு வேண்டிய தைரியத்தை ஆண்கள் யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். முதலில் போன் செய்து, பெண் உறுப்பினர் யாராவது பேச முடியுமா என்று கேளுங்கள். தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள். பெண்களுக்கான இணையவழிக் கூட்டத்தில் தொடங்கி, அங்கே பழகியவரோடு சேர்ந்து நேர்க் கூட்டத்துக்குப் போவது நல்ல வழி. பெண்ணுக்குப் பெண்தான் ஸ்பான்சர் என்பது வழக்கம். புதிதாக வந்த பெண்ணிடம் அளவுக்கு மீறி அக்கறை காட்டும் ஆண் உறுப்பினர் இருந்தால், அந்தக் குழுவை விட்டு வேறு குழுவுக்கு மாறத் தயங்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கூட்டம்

குடிப்பவர் எங்கும் வர மறுக்கிறார் என்றாலும் நீங்கள் போகலாம். ஆல்-அனான் 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காகத் தொடங்கியது. வளரிளம் பிள்ளைகளுக்கு ஆலடீன் உண்டு. இந்த நோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணமாக்க முடியாது என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். சட்டைப் பையைத் துழாவுவது, பாட்டிலைக் கொட்டுவது, லீவு கேட்டு முதலாளிக்குப் பொய் சொல்லிப் போன் செய்வது என்று தேய்ந்துபோன மனைவிமாருக்கும் அம்மாக்களுக்கும் இதைக் கேட்ட பிறகு தூக்கம் வருகிறது. நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், எனக்கும் வந்தது. ஆல்-அனான் குழு இல்லாத ஊரில், ஏ.ஏ. திறந்த கூட்டமும் மருத்துவமனையின் குடும்பச் சந்திப்பும் ஓரளவு கைகொடுக்கும்.

எங்கே விசாரிப்பது, என்ன கேட்பது

14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், இலவசம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். தமிழ்நாட்டில் 104ஐயும் கூப்பிடலாம். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். ஆனால் இணையத்தில் இருக்கும் நேரத்தை நம்பி நேரே போய்விடாதீர்கள். இடம் மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் இன்னொரு தடவை வருவது கஷ்டம். முதல் நாளே போன் செய்து, கூட்டம் உண்டா, திறந்ததா மூடியதா, தமிழா, முதல் தடவை வருகிறவரை வாசலில் யாராவது பார்த்துக் கூட்டிப்போவார்களா என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு "நானே நிக்கறேன், வாங்க" என்று பதில் வந்தால், மற்றது எப்படியிருந்தாலும் அங்கே போங்கள்.

அதே 2019 ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் ஏறக்குறைய 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். எது சிறந்தது என்று ஆராய்ந்துகொண்டே மாதங்களைக் கடத்துவதைவிட, இந்த வாரம் நடக்கும் ஏதோ ஒன்றுக்குப் போய்விடுவது நல்லது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னையில் இருப்பவர், தமிழில் பேசுகிறவர், சாமி கும்பிடுகிறவர் என்றால் வீட்டுக்கு அரை மணி தூரத்தில் உள்ள தமிழ் ஏ.ஏ. திறந்த கூட்டத்தில் தொடங்கட்டும். ஆங்கிலம் வரும், கடவுள் நம்பிக்கை இல்லை என்றால் ஸ்மார்ட் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நேரில் ஆள் வேண்டும் என்று தோன்றினால் ஏ.ஏ.வையும் ஒரு தடவை பார்க்கலாம். மன அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர் மருத்துவமனைக் குழுவை விடவே கூடாது. சிறுநகரத்தில் இருப்பவருக்குப் பக்கத்து ஊர்க் கூட்டம் வாரம் ஒன்று, மற்ற நாளில் ஜூம்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால்? பலருக்கும் நடக்கிறது. வெட்கத்தில் புதுக் கூட்டம் தேடிப் போவார்கள். பழைய இடத்துக்கே போகச் சொல்லுங்கள். அங்கே அவர் கதை தெரியும், திட்ட மாட்டார்கள், முன்வரிசை நாற்காலியில் உட்கார வைப்பார்கள். நாலைந்து நாள் தொடர்ந்து குடித்திருந்தால், முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம்.